ஒரே முகூர்த்தத்தில் மூன்று லாரி

ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பட்டறைக்குள் நுழைந்து, பல வருஷமாக அங்கே கை காய்த்துப் போனவரிடம் 'நீங்கள் செய்கிற வேலையில் பாதி வீண்' என்று சொல்லிவிட்டு, அவர் வாங்கிக் கொடுக்கிற டீயையே குடிக்கிற தொழில் என்னுடையது. இதற்கு லீன் என்று பெயர். வீண் நடை, வீண் காத்திருப்பு, வீணாகக் குவித்து வைத்த சரக்கு, செய்ததையே திரும்பச் செய்வது, இவற்றை ஒழித்துவிட்டால் அதே ஆட்களும் அதே இடமும் போதும், வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் இதன் சாரம். ஜப்பான்காரர்கள் சொன்னது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நாமக்கல்லுக்கு வந்ததில்லை.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஸ்டாப்வாட்சுமாகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே ஆலோசகராக இருந்துவிடலாம் என்று சேலத்துக்கு வந்தேன். முதலில் கிடைத்தது, நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறை. லாரிக்காரர் இன்ஜினோடு வெறும் சேஸை வாங்கிக்கொண்டு வந்து விட்டுவிடுவார். கேபின், பலகை, பெயிண்ட் எல்லாம் இங்கேதான். முதலாளி பெயர் செங்கோடன். போன ஆவணியில் சொன்ன முகூர்த்தத்துக்கு வண்டி முடியவில்லை என்று ஒரு லாரிக்காரர் பாதி கட்டிய பாடியோடு வேறு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவி, வருகிற வண்டி குறைந்துவிட்டது. செங்கோடன் முதல் நாளே என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "இந்த ஆவணி மொத முகூர்த்தத்துக்குச் சொன்ன வண்டி சொன்னபடி வெளிய போகோணுமுங்க. போகலீன்னா பட்டறையை லாரி நிறுத்தற எடமா வாடகைக்கு உட்டுப்போட்டு நான் ஊட்டுல இருந்துக்குவேன். நீங்களும் வேற எடம் பாத்துக்கங்க."

அன்று ராத்திரி இதை வீட்டில் சொன்னபோது, ஓசூரில் என் வேலைக்கு ஆள் போட்டுவிட்டார்களா என்று மட்டும் என் மனைவி கேட்டாள்.

சிவப்புத் துணி

எந்தப் பட்டறையானாலும் முதலில் செய்வது வேண்டாததைக் கழிப்பது. வேண்டாத பொருள் ஒவ்வொன்றிலும் சிவப்பு அடையாளம் கட்டிவிட வேண்டும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, யாரும் தொடாததை வெளியே தள்ளிவிட வேண்டும். நான் நல்ல கெட்டிச் சிவப்புத் துணியாக வாங்கி, பட்டை பட்டையாகக் கிழித்து, பட்டறை முழுக்க நானே கட்டினேன். உடைந்த கேபின் கதவு, எந்தக் காலத்து லாரியிலிருந்தோ கழற்றிய பம்பர், கறையான் தின்ற பலகை, அச்சு முறிந்த தள்ளுவண்டி. பொழுது சாயும்போது பட்டறையைப் பார்க்க ஏதோ கட்சி மாநாடு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் வந்தால் ஒரு துணியும் இல்லை. பம்பர் இருந்தது, கதவு இருந்தது, கறையான் பலகை சௌக்கியமாக இருந்தது. யாராவது வேண்டுமென்றே செய்தார்களோ என்று எனக்கு ஆத்திரம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கோகிலாவிடம் கேட்டேன். வண்டிக்குப் பின்னால் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டாமல் ரோட்டில் போக முடியாது இல்லையா? டிங்கரிங் வேலைக்கு வந்து நின்றிருந்த கம்பி லோடு லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு கை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். என் திட்டம் பெங்களூர் ரோட்டில் காற்றில் ஆடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கோகிலா சிரிக்காமல் சொன்னாள்:

"நீங்க கட்டுனதுல தேவைப்பட்டது அந்தத் துணி மட்டுந்தானுங்க சார்."

மஞ்சள் கோடு

அடுத்தது தரையில் மஞ்சள் கோடு. நடக்கிற பாதை இது, வண்டி நிற்கிற இடம் இது, பலகை அடுக்குகிற இடம் இது என்று கோடு போட்டுவிட்டால், எது எங்கே என்று தேடுகிற நேரம் மிச்சமாகும். பெயிண்டர் சித்துராஜிடம் சொன்னேன். நேர்க்கோடுதான், ஒரு சாண் அகலம், வேறொன்றும் வேண்டாம். அவர் தலையை ஆட்டினார். தலையாட்டலை நம்புவது நம் தொழிலில் பெரிய பிழை என்று உங்களுக்குத் தெரியும்.

லாரியின் முகத்தில் பூவும் கொடியும் போட்டே பழகிய கை. அதனால் வெறும் கோட்டை எப்படி விட முடியும்? நான் சேலம் போய்விட்டு வருவதற்குள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பச்சையில் கரை, மூலைக்கு மூலை தாமரை, பாதை முடிகிற இடத்தில் சிறகு விரித்த இரண்டு அன்னம், அவற்றின் நடுவில் வளைவு எழுத்தில் 'மீண்டும் வருக'. எழுத்து நிஜமாகவே அழகாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ஒருவரும் நடக்கவில்லை. வெல்டர் கூட கனமான இரும்பு ஆங்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிவளைத்துப் போனார். நடையைக் குறைக்கப் போட்ட பாதையால் நடை கூடிவிட்டது. ஏன் யாரும் அதில் நடப்பதில்லை என்று நான் கத்தியபோது, சித்துராஜ் நிஜமாகவே மனம் நொந்து கேட்டார்:

"இத்தனை அழகாப் போட்டதை மிதிக்க யாருக்குங்க மனசு வரும்?"

பாகம்

ஆனி மாதக் கடைசியில் பரமத்தி வேலூர்ப் பக்கமிருந்து மூன்று சேஸ் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து நின்றன. அண்ணன் தம்பி மூன்று பேர். பட்டறையில் எல்லோரும் அவர்களைப் பெரியவர், நடுவுளவர், சின்னவர் என்றே கூப்பிட்டார்கள். வாழைத்தார் லோடு அடிக்கிற குடும்பம். ஒன்றாக இருந்து, சமீபத்தில்தான் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். பேச்சுவார்த்தை உண்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் உண்டு. ஆனால் ஒருத்தருக்கு ஒரு இம்மி கூடினாலும் மற்ற இருவருக்கும் தூக்கம் வராது. அதனால் ஒரே மாதிரி சேஸ், ஒரே நிறம், ஒரே அளவு பாடி. மூன்றும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் வெளியே போக வேண்டும். ஒன்று முடியாவிட்டால் மற்ற இரண்டும் நகராது.

ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பதால் ஆனியிலேயே மூன்று வண்டிக்கும் கற்பூரம் காட்டி, முதல் குறுக்குச் சட்டத்தை வைத்தாயிற்று. செங்கோடன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மூன்று பேரின் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், முழுக்க லாரிக்காரர்கள், இவர்கள் திருப்தியாகப் போனால் போன வருஷம் விட்டுப்போனவர்களெல்லாம் திரும்பி வந்துவிடுவார்கள், கோபித்துக்கொண்டு போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். நான் தைரியமாகச் சிரித்துக்கொண்டு போய் அண்ணன் தம்பிகளைக் கும்பிட்டேன். நடுவுளவர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒரு வண்டிக்கு ஒரு ஆணி அடிச்சா, அன்னைக்கே மத்த ரெண்டுக்கும் அதே ஆணிய அடிச்சுப்போடோணுமுங்க. நாங்க பாகம் பிரிச்சதே அதுக்குத்தானுங்க."

மூன்று டம்ளர்

லீனில் அடிப்படைப் பாடம் ஒன்று உண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் அரைகுறையாக இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். அப்போதுதான் எங்கே தாமதம், எங்கே பிழை என்று தெரியும். இவர்களோ சரியாக அதற்கு நேர் எதிராகக் கேட்டார்கள். பேசிப் புரிய வைக்கலாம் என்று மூவரையும் அலுவலக அறையில் உட்கார வைத்தேன்.

ஒரு டீ பாத்திரமும் மூன்று டம்ளரும் வரவழைத்தேன். மூன்று டம்ளரிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி ஊற்றிக் காட்டினேன். "பாருங்க, யாருமே இன்னும் குடிக்க முடியாது." பிறகு எல்லாவற்றையும் பாத்திரத்தில் திரும்ப ஊற்றிவிட்டு, முதல் டம்ளரை முழுசாக நிரப்பி வைத்தேன். "இப்பப் பாருங்க, ஒருத்தர் குடிக்க ஆரம்பிச்சிடலாம். கடைசி ஆளுக்கும் முன்னாடி கிடைச்சிருக்கிற அதே நேரத்துலதான் கிடைக்கும், ஒண்ணும் நஷ்டமில்லை." ஓசூரில் இதைச் செய்து காட்டினால் கை தட்டுவார்கள். பெரியவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். நடுவுளவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது சின்னவர் கேட்டார்:

"அதெல்லாஞ் செரிங்க. அந்த மொத டம்ளரு யாருக்குங்க?"

யாரும் அந்த டீயைக் குடிக்கவில்லை.

பெருக்கு

ஆடியில் லாரிப் பட்டறை காற்றாடும். அந்தக் காலியான மாதத்தில்தான் நமக்கு வேலையை முடித்துக்கொள்ள வாய்ப்பு என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பட்டறை காற்றாடுவது வண்டி வராததால் மட்டுமல்ல, ஆளும் வராததால் என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு ஊர் மாரியம்மனுக்கும் ஒவ்வொரு நாள் நோம்பி, திருவிழா. வெல்டர் ஊரில் பூச்சாட்டினால் அவர் இல்லை. அவர் திரும்பும்போது தச்சர்கள் ஊரில் கம்பம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் மேஸ்திரி, அவர்தான் வேலையாட்களுக்குத் தலைவர், ஒவ்வொரு நாளும் ஒரு புது ஊரின் பெயரைச் சொல்லுவார். நாமக்கல் மாவட்டத்தில் இத்தனை ஊர் இருப்பதே எனக்கு அந்த ஆடியில்தான் தெரியும்.

ஆடிப்பெருக்கு அன்று மொத்தப் பேரும் காவிரிக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் நானும் மூன்று வண்டியும் மட்டும். வெறும் எலும்புக்கூடாக நிற்கிற வண்டிகளைப் பார்த்து, இனி ஓசூருக்குப் போன் பண்ண வேண்டியதுதான் என்று நான் உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் தம்பிகள் ஆற்றிலிருந்து ஈரத் தலையோடு நேராக வந்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு வேலையும் நடக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பெரியவர் மூன்று வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பரவாயில்லீங்க. மூணும் ஒண்ணாட்டத்தான் நிக்குது."

கயிறு

பிழையைக் கண்டவர் யாராக இருந்தாலும் கயிற்றை இழுக்கலாம், மணி அடிக்கும், வேலை நிற்கும், எல்லோரும் கூடி அங்கேயே சரிசெய்வார்கள். பெரிய தொழிற்சாலைகளில் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற முறை இது. பெருக்கு கழிந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பியதும் நானும் ஒரு மணியைத் தொங்கவிட்டேன். கடையில் கோயில் மணிதான் கிடைத்தது. வேலையாட்களைக் கூட்டி, கூச்சப்படாமல் இழுங்கள், தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் தப்பு என்று நெஞ்சைத் தொட்டுப் பேசினேன். அந்தக் கூட்டத்தில் பின்னால் அண்ணன் தம்பிகள் நின்றதை நான் கவனிக்கவில்லை.

வேலையாட்கள் ஒருவரும் இழுக்கவில்லை. இழுத்தது சின்னவர். முதல் மணி, பெரியவர் வண்டிக்குப் பட்டி பூசத் தொடங்கியதற்கு. அதைச் சரிசெய்யப் பெயிண்டரைச் சின்னவர் வண்டிக்கு அனுப்பினால் நடுவுளவர் இழுத்தார். நடுவுளவருக்கு ஒரு கீல் கூடுதலாக இருப்பதாகப் பெரியவர் இழுத்தார். எண்ணிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கைதான். மணி அடிக்கிற சத்தம் கேட்டு ரோட்டில் போகிறவர்கள் கோயில் திருவிழா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு மணிக்கும் நான் சொன்னபடியே எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். அதை மட்டும் அத்தனை ஒழுங்காகச் செய்தார்கள்! கடைசியில் நான் பொறுமையிழந்து, இது வேலையாட்களுக்கான கயிறு, உங்களுக்கில்லை என்று சின்னவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கயிற்றை விடாமலே கேட்டார்:

"யாரு வேணுமின்னாலும் இழுக்கலாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

முறை

எத்தனை நாள்தான் தலையில் அடித்துக்கொள்வது? ஒரு நாள் பேருந்தில் வரும்போது, இவர்கள் கேட்பதை எதிர்த்துக்கொண்டே இருப்பதை விட, அதையே திட்டமாக வைத்தால் என்ன என்று தோன்றியது. வண்டி நகரக் கூடாது, சரி. ஆட்கள் நகரட்டும். தச்சர்கள் காலையில் ஒரு வண்டி, மதியம் அடுத்தது, சாயங்காலம் மூன்றாவது. அவர்கள் விட்டுப்போன வண்டியில் வெல்டர். வெல்டர் விட்ட வண்டியில் பெயிண்டர். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், யாரும் யார் காலிலும் இடற வேண்டாம். பொழுது சாயும்போது மூன்று வண்டியும் ஒரே அளவில் நிற்கும். எந்த வண்டியில் தொடங்குவது என்பதைத் தினம் மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் தம்பிகள் சாயங்காலம் மட்டும் வந்து பார்த்தால் போதும் என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

நண்பர்களே, அது ஓடியது. நிஜமாகவே ஓடியது. ஆடி முடிவதற்குள் மூன்று பாடியும் எழுந்து நின்றன. மணி வாயை மூடிக்கொண்டது. அர்ச்சுனன் மேஸ்திரி முதல் தடவையாக எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். செங்கோடன் தினமும் காலையில் வந்து வண்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோகிலாவைக் கூப்பிட்டு, இதற்குப் பின்னால் எத்தனை ஆராய்ச்சி இருக்கிறது தெரியுமா என்று தொடங்கி, ஜப்பானிலிருந்து விலாவாரியாக விளக்கினேன். அவள் போல்ட் எண்ணிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"எங்க ஊட்டுல மூணு மருமவளுங்க சமைக்கற முறையைச் சொல்றீங்களாக்கும்?"

கன்றுக்குட்டி

முகூர்த்தத்துக்கு மிகச் சில நாட்களே இருந்தபோது வந்தது அடுத்த இடி. பின்கதவில் பசுவும் கன்றும் வரைய வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி. ஒரே வேலையை எல்லோரும் ஒரே மாதிரி செய்ய ஒரு அச்சு வைத்துக்கொள்வது எங்கள் முறை என்பதால், நான் அட்டையில் பசுவை வெட்டி எடுத்துக்கொண்டு சித்துராஜிடம் போனேன். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். செங்கோடன் மோட்டார் சைக்கிளில் துரத்திப் போய், என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அட்டையை நான் அவர் கண் முன்னால் கிழிக்க வேண்டியிருந்தது.

கையால் வரைந்தார். மூன்றும் உயிரோடு நிற்கிற மாதிரி இருந்தன. ஆனால் ஒன்றில் கன்றுக்குட்டிக்கு லேசாக மாறுகண். எதை யார் வண்டிக்கு மாட்டுவது? பின்கதவைத் தனியாகக் கழற்றி மாட்டலாம் என்பதால், சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். யாரையும் குறை சொல்ல முடியாது அல்லவா? குலுக்கினோம். மாறுகண் கன்று சின்னவருக்கு விழுந்தது. அவர் ரொம்ப நேரம் அந்தக் கன்றைப் பார்த்தார். அதுவும் அவரையும் பக்கத்தில் நின்ற பெரியவரையும் சேர்த்துப் பார்த்தது. சின்னவர் என் பக்கம் திரும்பினார்.

"மாட்டுங்க, பரவால்ல. ஆனா இனி இந்த சென்மத்துல எங்கிட்டச் சீட்டுன்னு பேச்செடுக்காதீங்க."

சுவர்

முகூர்த்தத்தன்று காலையில் மூன்று லாரியும் தயார். பட்டறை வரலாற்றில் நல்ல நேரம் வருவதற்காக வண்டி காத்திருந்தது அன்றுதான் என்று அர்ச்சுனன் மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, மூன்றும் கேட்டைப் பார்த்து அக்கம்பக்கமாக நின்றன. ஒறம்பரை வேன் வேனாக வந்து இறங்கியிருந்தது. செங்கோடன் புது வேட்டியில், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் ஏறி உட்கார்ந்தார்கள். மூன்று இன்ஜினும் ஒன்றாக உறுமின. அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

கேட்டில் ஒரு வண்டிதான் போக முடியும். ஆனியிலிருந்து அந்தப் பட்டறையில் நான் அளக்காத இடமில்லை. யார் எங்கே எத்தனை அடி வைக்கிறார்கள் என்று அளந்தேன். பலகை எங்கே தங்குகிறது என்று பார்த்தேன். வாசலை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. மூத்தவர் என்ற முறையில் பெரியவர் முதலில் போகட்டும் என்று யாரோ சொன்னார்கள். காலமெல்லாம் அவர் முதலில் போனதால்தான் பாகமே பிரித்தது என்றார் சின்னவர். கடைசியானவர் முதலில் போகட்டும் என்றால் நடுவுளவர், அப்படியானால் எப்படிப் பார்த்தாலும் நான் மட்டும் நடுவில்தானா என்றார். சீட்டு என்று வாயெடுக்க எனக்கு வழியில்லை. மேளக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பெரியவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "செரி, வேற நாளு பாத்துக்கலாம். வண்டிக இங்கயே நிக்கட்டும், எங்க ஒறம்பரை வண்டிக்கெல்லாம் வேற பட்டறை பாத்துக்கறோம்" என்று இறங்கப் போனார்.

செங்கோடன் என் கையை விட்டார். நேராகப் போய்ச் சம்மட்டியை எடுத்தார். கேட்டை ஒட்டிய காம்பவுண்ட் சுவரில், புது வேட்டியோடு, ஓங்கி ஒன்று வைத்தார். ஹாலோ பிளாக் சுவர், பொலபொலவென்று உதிர்ந்தது. "சார், வேண்டாங்க!" என்று நான்தான் கத்தினேன், வேறு யாரும் கத்தவில்லை. அர்ச்சுனன் மேஸ்திரி அடுத்த சம்மட்டியோடு கேட்டின் மறுபக்கச் சுவருக்கு வந்துவிட்டார். வெல்டர் கேட்டின் கீலை அறுத்தார். தச்சர்கள் இடித்ததை ஓரமாகக் கடத்தினார்கள். சித்துராஜும் கோகிலாவும் கல் கிடந்த இடத்தில் பலகை பரப்பினார்கள். ஒருவரும் ஒருவருக்கும் எதுவும் சொல்லவில்லை, ஒருவரும் நிற்கவில்லை, ஒரு அடி நடை வீணாகவில்லை. இப்படி ஒரு வேலையைப் பார்க்கத்தானே இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தினேன்! கோட்டை அழித்துவிட்டு, மணியையும் கழற்றிவிட்டு, பேசாமல் இவர்களிடம் ஒரு சுவரைக் கொடுத்திருக்கலாம்.

நல்ல நேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது மூன்று லாரியும் அக்கம்பக்கமாக, ஒரே நேரத்தில், மூன்று எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு வெளியே வந்தன. ஒறம்பரை ஆர்ப்பரித்தது. ரோட்டு ஓரம் வந்ததும் மூன்றும் நின்றன. ரோட்டிலும் மூன்று வண்டி அக்கம்பக்கமாகப் போக முடியாதே! இனி ரோட்டை அகலப்படுத்தச் சொல்வார்களோ? பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சின்னவரை முன்னால் போகச் சொன்னார். சின்னவர் சிரித்துக்கொண்டே முதலில் போனார், பின்னால் நடுவுளவர், கடைசியில் பெரியவர். நான் ஓடிப் போய்ப் பெரியவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இதை உள்ளேயே செய்திருக்கக் கூடாதா என்று கேட்டேன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"வாசலைத் தாண்டற வரைக்குந்தானுங்க பாகம். ரோட்டுல எந்தம்பி முன்னால போனா எனக்கென்னங்க?"

புழுதி அடங்கியது. செங்கோடன் இடிந்த சுவர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேனில் வந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் சேஸைப் பற்றிப் பேச அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் குற்ற உணர்ச்சியோடு போய், கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லிச் சுவரைக் கட்டிவிடலாம் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் இத்தனை மாதம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த அதே குரலில், பொறுமையாக எனக்குச் சொன்னார்:

"கட்ட வேண்டாமுங்க சார். அடுத்த ஆவணிக்கு மறுக்காவும் இடிக்கோணும், செஞ்சதையே திரும்பச் செய்யறது வீணுங்களே."

ஆக, வீணை ஒழிக்க வந்த நான் அந்தப் பட்டறையில் நிரந்தரமாக ஒழித்தது ஒரு சுவரைத்தான், அதனால்தான் எனக்கு வேலையும் நிலைத்தது என்று எந்த வகுப்பில் போய்ச் சொன்னாலும் நீங்களே நம்பமாட்டீர்கள்.